அந்தக் கடையில் பாதி யாருடையது?

ஹார்த்தா செபென்சாரியான், அதாவது கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டிய சொத்தில் பங்கு என்பது, மலாய்க்காரர்களின் அடாட், அவர்கள் வழக்காறு. இறந்தவரும் அவர் தம்பிமாரும் தமிழ் முஸ்லிம்கள், ஆகவே அது அவர்களைக் கட்டுப்படுத்தாது. தவிர, குர்ஆனிலும் ஹதீஸிலும் அப்படி ஒரு பங்கு இல்லை. ஜொகூர் ஷரியா உயர் நீதிமன்றத்தில் 2016ஆம் ஆண்டு நான் நடத்திய வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த பதிலுரையின் சாரம் இதுதான். ஒரு விதவையின் பங்கை மறுப்பதற்கு இனத்தையும் மார்க்கத்தையும் ஒரே மூச்சில் துணைக்கு அழைத்திருந்தார்கள். படித்துவிட்டு நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷரியா வழக்கறிஞராக நான் பார்த்த வழக்குகளில், நான் யார் என்ற கேள்வியை என்னிடமே திருப்பிக் கேட்ட வழக்கு இது ஒன்றுதான்.

கட்சிக்காரர் அறுபதைத் தாண்டியவர். ஊர் பத்து பகாட் பக்கம். அதற்கு மேல் அடையாளம் சொல்வது முறையல்ல. குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இராமநாதபுரம் சீமையிலிருந்து சிறுவயதில் தாய்மாமனோடு கப்பலேறி வந்தவர். பிள்ளைகள் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் இருவரும் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைவது, மசாலா அரைப்பது, மீன் தலைக் கறி கூட்டுவது எல்லாம் அந்த அம்மாவின் கை. கல்லாவில் கணவர். 1993இல் வாங்கிய கடைவீட்டின் கெரானில், அதாவது உரிமைப் பத்திரத்தில், கணவர் பெயர் மட்டும். பிறகு வாங்கிய தாமான் வீட்டிலும் அப்படியே. 2015இல் கணவர் மவுத்தானார். விதவையின் காத்திருப்புக் காலமான இத்தா முடிந்த கையோடு தம்பிமார் இருவரும் ஃபராயிள் என்ற வாரிசுப் பங்கீட்டுக் கணக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கணக்கில் பிழையில்லை. பிள்ளையில்லாத மனைவிக்கு நான்கில் ஒன்று. தாய் தகப்பன் இல்லாத நிலையில் மிச்சம் மூன்று பங்கும் உடன்பிறந்த ஆண்களுக்கு. அது மார்க்கம் விதித்த பாகம். அதை அசைக்க யாருக்கும் உரிமை கிடையாது. நான் எழுப்பிய கேள்வி அதற்கு முந்தியது. பாகம் பிரிக்க உட்காரும் முன், அந்தச் சொத்து முழுவதும் இறந்தவருடையதுதானா என்று பார்க்க வேண்டாமா? மனைவி தன் உழைப்பாலும் பணத்தாலும் அதில் ஒரு பகுதியை ஈட்டியிருந்தால், அந்தப் பகுதி முதலிலேயே அவருடையது. கடனைக் கழித்துவிட்டு ஃபராயிள் பார்ப்பதைப் போலத்தான் இதுவும்.

ஹார்த்தா செபென்சாரியானுக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வயலில் இறங்கிய மலாய்க் கிராமங்களில் பிறந்த வழக்கம் அது. பிரிட்டிஷ் காலத்திலேயே வழக்குகளாக நீதிமன்றம் ஏறியது. 1950இல் ஹுஜா லிஜா வழக்கில் நீதிபதி பிரிக்ஸ், இது இஸ்லாமியச் சட்டம் அல்ல, மலாய் வழக்காற்றுச் சட்டம் என்று எழுதினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிப் பிடித்தார். அவர் மலாய்க்காரர், கூர்மையானவர், மரியாதை தெரிந்தவர். மலாய் அடாட் தமிழரைக் கட்டாது என்று ஒரு மலாய் வழக்கறிஞர் வாதாட, அது கட்டும் என்று தமிழன் நான் வாதாட நேர்ந்தது.

எனக்குக் கை கொடுத்தது 1966ஆம் ஆண்டின் ராபர்ட்ஸ் எதிர் உம்மி கல்தோம் வழக்கு. இஸ்லாத்தைத் தழுவிய ராபர்ட்ஸ் என்கிற கமாருல்ஸமான், தான் பிரிந்த மலாய் மனைவியிடம் இதே உரிமையைக் கேட்டார். நீதிபதியாக அன்று அமர்ந்திருந்தவர் ராஜா அஸ்லான் ஷா, பின்னாளில் பேராக் சுல்தானாகவும் மாமன்னராகவும் ஆனவர். ராபர்ட்ஸுக்குப் பாதி கிடைத்தது. ராபர்ட்ஸ் என்ற பெயரோடு வந்தவருக்குப் பொருந்திய வழக்கம், குளுவாங்கில் பிறந்து, ஜொகூர் மண்ணிலேயே வாழ்ந்து கிழவியான ஒரு தமிழ் முஸ்லிம் பெண்ணுக்கு ஏன் பொருந்தாது? அடுத்தது 1985இன் போத்தோ எதிர் ஜாஃபார். திரெங்கானுவில் மீன் வியாபாரியான கணவரோடு வியாபாரப் பயணங்களுக்குத் துணையாகச் சென்ற மனைவிக்கு, நீதிபதி சாலே அபாஸ் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார். அந்தத் துணையால் கணவருக்குக் கிடைத்த மன நிம்மதியையும் பங்களிப்பாகவே எடுத்துக்கொண்டார். என் கட்சிக்காரர் துணைக்குப் போய்வந்தவர் மட்டுமா? அந்தக் கடையின் அடுப்பே அவர்தான்.

இவையெல்லாம் பொது நீதிமன்றத் தீர்ப்புகள். 1988இல் அரசியல் சட்டத்தின் 121ஆம் விதியில் 1ஏ உட்பிரிவு சேர்க்கப்பட்ட பிறகு இத்தகைய விவகாரங்கள் ஷரியா நீதிமன்றத்தின் பொறுப்பு. 2003ஆம் ஆண்டின் ஜொகூர் இஸ்லாமியக் குடும்பச் சட்டம், திருமண காலத்தில் கணவனும் மனைவியும் ஹுக்கும் ஷராவின் நிபந்தனைகளுக்கு ஏற்பச் சேர்ந்து ஈட்டிய சொத்து என்று இதற்கு விளக்கம் தருகிறது. இனத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கிராமத்து வழக்கம் ஒன்றைச் சட்டம் இயற்றியவர்கள் ஷரியாவின் வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு முன் சுல்ஹ் வைத்தார்கள். சமரச அதிகாரி ஒருவர், நீள மேசை, இரு தரப்பும் எதிரெதிரே. மூத்த தம்பி நல்ல படிப்பாளி, தொழுகையாளி. “மச்சி, ஒங்கள யாரும் நடுத்தெருவுல விடல. ஆனா மலாய்க்காரவங்களுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமுன்னு மார்க்கத்துல கெடையாது. இனத்தப் புடிச்சிக்கிட்டுத் தொங்குறது அஸபிய்யா” என்றார். அந்த அம்மா பதில் பேசவில்லை. துப்பட்டியின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி, நீங்க கடைக்கு வர்றப்பல்லாம் தட்டுல சோறு வச்சது யாருன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். சமரசம் அங்கேயே முறிந்தது.

அஸபிய்யா என்ற வார்த்தை ஜொகூருக்குப் புதிதல்ல. மலாயன் யூனியன் திட்டத்தை எதிர்த்து 1946 மே 11 அன்று அம்னோ உருவானது இதே ஜொகூர் பாருவில். அதன் முதல் தலைவர் டத்தோ ஓன் ஜாஃபார், மற்ற இனத்தவருக்கும் கட்சிக் கதவைத் திறக்க நினைத்து, அது முடியாமல் போக, 1951இல் வெளியேறினார். அதே 1951இல் பிறந்தது இஸ்லாமியக் கட்சியான பாஸ். 1956இல் அதன் தலைமைக்கு வந்த டாக்டர் புர்ஹானுதீன் அல்ஹெல்மி மலாய் தேசியத்தையும் இஸ்லாத்தையும் ஒரே தோளில் சுமந்தவர். எண்பதுகளில் அதே கட்சியில் எழுந்த புதிய தலைமை, அம்னோவின் இனத் தேசியம் அஸபிய்யா, இஸ்லாத்துக்கு எதிரானது என்று மேடைதோறும் முழங்கியது. இனப்பற்று மார்க்கத்துக்கு முரணா என்ற கேள்விக்கு ஒரே கட்சிக்குள்ளேயே முப்பது வருடத்தில் இரண்டு விடைகள்.

எனக்கு இதில் ஐயம் இல்லை. ஒருவன் தன் கூட்டத்தை நேசிப்பது அஸபிய்யா ஆகுமா என்று நபிகள் நாயகத்திடம் கேட்கப்பட்டதற்கு, ஆகாது, தன் கூட்டத்தார் அநியாயம் செய்யும்போது அவர்களுக்கு உதவுவதுதான் அஸபிய்யா என்று அவர்கள் பதில் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகக் குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் சொல்கிறது. அப்படியிருக்க, என் தமிழை நான் நேசிப்பதையோ ஒரு மலாய்க்காரர் தம் அடாட்டை மதிப்பதையோ மார்க்கம் தடுக்கவில்லை. அண்ணன் தம்பி என்று சேர்ந்துகொண்டு, உழைத்தவளின் பங்கை எடுக்க முனைவது இருக்கிறதே, அதைத்தான் தடுத்தது. சுல்ஹ் மேசையில் அஸபிய்யா இருந்தது உண்மை. அது உட்கார்ந்திருந்த பக்கம்தான் வேறு.

ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2014 முதல் 2024 முடிய அப்படித்தான். எங்கள் விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கியது. முதல் சாட்சி கடையில் பல வருடம் ரொட்டி போட்ட பெரியவர். அடுத்து இரண்டு பெண்கள்: கடைக்குக் கூவே பலகாரம் செய்து கொடுத்த, ஜாவா வம்சாவளி மாக்சிக் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். மாக்சிக் சொன்னது சுருக்கம். காலையில் கூவே தட்டை வாங்கி வைப்பதும் அந்த அம்மாதான், சாயங்காலம் காசை எண்ணிக் கொடுப்பதும் அந்த அம்மாதான். டவுக்கே, அதாவது கணவர், எப்போதும் வெளியே நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பார்.

ஆனால் வழக்கைத் திருப்பியது ஒரு அடகுச் சீட்டு. உள்ளங்கை அகலம், மஞ்சளேறிய தாள், சிவப்பு அச்சு, சீன எழுத்தில் கிறுக்கல், தேதி மட்டும் தெளிவாக 1993. கடைவீட்டுக்கு முன்பணம் கட்டிய அதே மாதம். அந்த அம்மாவின் கல்யாண வளையல்கள் அடகு போய் மீட்கப்படாமலே மூழ்கிப்போனதால்தான் சீட்டு கடைக்காரரிடம் திரும்பாமல் இவரிடமே தங்கிவிட்டது. குர்ஆன் வைக்கும் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். மீட்டிருந்தால் எங்கள் கையில் ஆதாரம் இருந்திருக்காது.

பிறகு மூத்த தம்பியைக் குறுக்கு விசாரணை செய்தேன். விசாரணை மலாயில்தான்.

“உங்கள் நிக்காஹ்வில் மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டினீர்களா?”

“கட்டினோம்.”

“மக்காவிலோ மதீனாவிலோ அந்த வழக்கம் உண்டா?”

“இல்லை. அது நம் ஊர் வழக்கம்.”

“நம் ஊர் வழக்கம் என்பதால் அது ஹராமா?”

அவர் மலாயிலிருந்து நழுவித் தமிழுக்கு வந்துவிட்டார். “அதெப்படி ஹராமாகும்? எங்க ஆலிம்சா முன்னால, துவா ஓதித்தான கட்டுனாங்க!”

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னதும் நீதிபதி குனிந்து குறித்துக்கொண்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நாகூர் ஆண்டகை பெயரில் கந்தூரி கொடுப்பதும், மவ்லூதுக்குத் தமிழில் பாடுவதும், பெருநாளுக்கு வேட்டியும் சட்டையும் உடுத்துவதும் அந்தக் குடும்பத்துக்கு மார்க்க விரோதமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு மண்ணைத் தமிழ் நிலமாகத் தீட்டிக் காட்டியபோதும் நம் முன்னோர் முகம் சுளிக்கவில்லை. விதவைக்குப் பங்கு தரும் வழக்கம் வந்தபோது மட்டும் அது எந்த நாட்டுச் சரக்கு என்று கேள்வி எழுந்தது.

வாதத்தின்போது நான் நீதிமன்றத்தின் முன் வைத்த நூல் மஜல்லா அஹ்காம் ஜொகூர். உதுமானியப் பேரரசு 1869க்கும் 1876க்கும் இடையே தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பை, 1913இல் ஜொகூர் அரசு மலாயில் ஆக்கித் தன் நீதிமன்றங்களுக்குத் தந்தது. அதன் 36ஆம் விதி, வழக்கம் தீர்ப்பளிக்கும் தகுதி உடையது என்ற பழைய ஃபிக்ஹ் கோட்பாடு. அந்த நூல் இன்று நடைமுறையில் உள்ள சட்டம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாட்டாரின் நல்ல வழக்கத்துக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது என்பதைத் துருக்கியிலிருந்து வாங்கித் தன் மொழியில் எழுதிக்கொண்ட மாநிலத்தில் நின்றுகொண்டு, அடாட் என்பதாலேயே இதைத் தள்ளுங்கள் என்று சொல்ல முடியாது என்றேன். ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்கும் பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்கும் பங்கு உண்டு என்ற நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தையும் எடுத்து வைத்தேன்.

எல்லா வழக்கமும் இப்படிச் சுலபமாக உள்ளே வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் பரம்பரை நிலம் பெண்வழி இறங்கும் அடாட் பெர்ப்பாத்தே இருக்கிறது. மினங்கபாவில் பிறந்து மக்காவில் இமாமாக இருந்த ஷேக் அஹ்மத் கத்தீப், அந்தப் பெண்வழிச் சொத்துரிமையையே கடுமையாகக் கண்டித்தவர். 1951இல் ரெம்பாவில் அதை மாற்ற முயன்றபோது பெண்கள் கொதித்தெழுந்தார்கள். அங்கே அடாட்டும் ஃபராயிளும் நேருக்கு நேர் மோதின. என் வழக்கில் அந்த மோதல் இல்லை. ஃபராயிளின் ஒரு பின்னத்தைக்கூட நான் மாற்றச் சொல்லவில்லை.

இறந்தவரின் சொத்துமேல் உரிமை கோருபவர், சாட்சிகள் தந்த பிறகும் ஒரு சத்தியம் செய்ய வேண்டும். யமீன் இஸ்திழ்ஹார் என்பார்கள். இறந்தவர் எழுந்துவந்து மறுத்துப் பேச முடியாதே, அதனால். நீதிமன்றம் வாசகத்தை எழுதிக் கொடுத்தது: வல்லாஹி, வபில்லாஹி, வதல்லாஹி என்று அரபில் தொடங்கி, மலாயில் தொடரும். அந்த அம்மா அரபை ஓதினார், மலாயைத் திக்கித் திக்கிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, “வாப்பா, அல்லாஹ் மேல சத்தியம் பண்றேன். என்ன சொல்றேன்னு எனக்கு வெளங்கணும். தமிழ்லயும் ஒரு தடவ சொல்லிக்கிறேனே” என்றார். நான் எழுந்து அனுமதி கேட்டேன். பதிவுக்கு மலாய் வாசகம்தான் செல்லும், அதன் பிறகு அவர் சொல்லிக்கொள்ளலாம் என்றார் நீதிபதி. அந்த அம்மா குர்ஆன்மேல் கை வைத்தபடி, கடைக்குத் தான் போட்ட உழைப்பும் வளையலும் உண்மை, அதற்கு ஈடாகக் கணவரிடமிருந்து உயிரோடிருக்கும்போது எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, அவருக்கு அந்தக் கடனை மன்னித்துவிடவும் இல்லை என்று தமிழில் சொன்னார். மன்னிக்கவில்லை என்று சொல்லும்போது மட்டும் அழுதார்.

என் வழக்கு நடந்த காலத்தில் ஜொகூரில் மார்க்கம் எது, வழக்கம் எது என்ற பேச்சுதான். 2016 மார்ச்சில் சுல்தான் இப்ராஹிம் ‘தி ஸ்டார்’ நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். அரபுக் கலாசாரத்தைப் பின்பற்றி அரபுகளாக வாழ விரும்புகிறவர்கள் சவூதியில் போய் வாழலாம், தாம் ஹாரி ராயா என்றும் புக்கா புவாசா என்றும்தான் சொல்வார், மலாய்ச் சொற்களை விடமாட்டார் என்ற பொருளில் பேசினார். மறு வருடம் செப்டம்பரில் மூவாரில் ஒரு சலவை நிலையம் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அறிவிப்பு மாட்டியதும் அவரே தலையிட்டு அதை நிறுத்தினார். ஜொகூர் எல்லா இனத்தாருக்கும் சொந்தம் என்றார். கூட்டரசு நீதிமன்றமும் 2006இல் மேயோர் அதிகுல் ரஹ்மான் வழக்கில் இதே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. தலைப்பாகை கட்டிப் பள்ளிக்கு வந்த சிறுவர்களை நீக்கியது செல்லும் என்ற அந்தத் தீர்ப்பில், நபிகள் தலைப்பாகை அணிந்தார்கள்தான், ஒட்டகத்திலும்தான் சென்றார்கள், அதற்காக விமானத்தைவிட ஒட்டகம் புண்ணியமாகிவிடுமா என்று நீதிபதி அப்துல் ஹமீத் முகமட் கேட்டார். மார்க்கம் வேறு, அரபு நாட்டு வழக்கம் வேறு என்ற அந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடு. பிள்ளைகளைப் பள்ளியை விட்டு அனுப்பியது உடன்பாடில்லை.

மலாய்க்காரர் அரபாக மாற வேண்டியதில்லை என்பது சரி. அப்படியானால் தமிழ் முஸ்லிம் மலாய்க்காரராக மாற வேண்டுமா? நம் அரசியல் சட்டத்தின் 160ஆம் விதி மலாய்க்காரர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் இஸ்லாம், மலாய் மொழி, மலாய் வழக்கம் மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலில் தமிழ் பேசும் முஸ்லிம் எப்போதும் ஓரத்தில்தான் நிற்கிறார். பள்ளிவாசலில் அவர் இந்தியர், தமிழ்ச் சங்கத்தில் அவர் மாமாக். கிம்மா போன்ற அமைப்புகள் இந்திய முஸ்லிம்களுக்குப் பூமிபுத்ரா தகுதி கேட்டதும், 2017இல் அன்றைய பிரதமர் நஜிப் அதை ஆராயலாம் என்றதும் இந்த ஓர நிலையின் வலிதான். அந்தத் தகுதிக்காகத் தமிழை வீட்டோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். மார்க்கம் அவர்களிடம் அதைக் கேட்கவில்லை, படிவங்கள்தான் கேட்டன. என் கட்சிக்காரர் மலாய் வழக்கத்தால் பயனடைந்தார், கழுத்தில் கருகமணி அணிந்து வாழ்ந்தார், அரபில் தொழுதார், தமிழில் சத்தியம் செய்தார். இதில் எது குறைந்தாலும் அவர் கூடுதலான முஸ்லிமாகவோ கூடுதலான மலேசியராகவோ ஆகிவிடமாட்டார்.

தீர்ப்பு 2017 கடைசியில் வந்தது. கடைவீட்டில் நேரடி உழைப்பும் பணமும் நிரூபணமானதால் பாதி அவருக்கு. தாமான் வீட்டில் பணப் பங்களிப்புக்கு ஆதாரம் இல்லாததால் மூன்றில் ஒன்று. எஞ்சியது ஃபராயிளுக்கு. கடைவீட்டைப் பொறுத்தவரை தன் பாதியும், மீதிப் பாதியில் நான்கில் ஒன்றும் சேர்ந்து எட்டில் ஐந்து பங்கு அந்த அம்மாவுக்கு, எட்டில் மூன்று தம்பிமாருக்கு. இந்த உரிமை ஓர் இனத்துக்கு மட்டும் உரியதல்ல, திருமண காலத்தில் சேர்ந்து உழைத்த எந்த முஸ்லிமுக்கும் உரியது என்றார் நீதிபதி. தம்பிமார் மேல்முறையீட்டுக்கு மனுப் போட்டு, பின்பு திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

கடை நடத்தும் நம் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனைவியின் உழைப்பில் வாங்கிய சொத்தின் கெரானில் இன்றைக்கே அவர் பெயரையும் சேருங்கள். முடியாவிட்டால் ஒரு ஷரியா வழக்கறிஞரிடம் போய் ஹிபா என்ற அன்பளிப்புப் பத்திரம் எழுதி வையுங்கள். உயிரோடிருக்கும்போது நீங்கள் சாட்சி சொல்லிவிட்டால், பிற்காலத்தில் அவர் ஒரு அடகுச் சீட்டைத் தேடி நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருக்காது.